நடுவயதின் அனலும் இருவகை மருந்தும்



பள்ளியின் மேல்வகுப்பிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களுள் பலருடைய அன்னையருக்கு இப்போது வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருக்கும். அந்த வயதிலே பெண்களின் உடலில் நிகழும் ஒரு மாறுதலைப் பற்றியும், அதனால் வரும் தொல்லைகளுக்கு இயற்கை மருந்து என்றும் ஆங்கில மருந்து என்றும் வழங்கப்படும் இருவகைப் பண்டுவங்களைப் பற்றியும் இன்று பேச எடுத்துக்கொண்டேன். கிழவன் ஒருவன் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். மருத்துவர் பேச வேண்டியதை ஆசிரியன் பேசுவானேன் என்று வேறு சிலர் வினவலாம். இரண்டுக்கும் விடையாக, நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை ஒருவர் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் உடையவர். பிள்ளைகளை அதட்டாமலே வகுப்பை அடக்கியாளும் திறம் பெற்றவர். அவருக்கு வயது நாற்பத்தேழு ஆனபோது அவரிடம் ஒரு மாறுதலைக் கண்டேன். பாடத்தின் நடுவே சன்னல்களை எல்லாம் திறந்து வைக்கச் சொல்வார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே முகம் சிவந்து, வியர்வை வழிய, நாற்காலியில் அமர்ந்துவிடுவார். சிறு குற்றத்துக்கும் சினந்தார். அவர் வகுப்பு, கல்நார்க் கூரை வேய்ந்த மாடியறையில், கடைசிப் பாடவேளையில் நடந்தது. கீழ்த்தளத்தில் ஓர் அறை வேண்டும் என்று அவர் கேட்டார். காலஅட்டவணையை ஒருவருக்காக மாற்ற இயலாது என்று நான் மறுத்தேன். மறுத்ததோடு நில்லாமல், வகுப்பில் உரக்கப் பேசியதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் அனுப்பினேன். "உடல்நலக் குறைவு" என்ற இரண்டே சொற்களில் அவர் விடை எழுதியிருந்தார். அந்த விடையை அலட்சியமான விடை என்று கருதி, அன்று மாலை வீட்டில் சொல்லி அலுத்துக்கொண்டேன். என் மனைவி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மூன்று ஆண்டுகளாக நானும் அப்படித்தான் இருக்கிறேன், உங்களுக்குத் தெரியவில்லையா?" என்றாள். உளவியலும் கல்வியியலும் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு ஒரே கூரையின் கீழ் நடந்தது தெரியவில்லை. தெரியாமைக்குக் காரணம் அறிவுக் குறைவு மட்டும் அன்று. அதனைக் கேட்பதும் சொல்வதும் தகாது என்று இரு சாராரும் வாய்மூடி இருந்ததே பெருங்காரணம்.

முதலில் உடலில் நிகழ்வது யாது என்பதைப் பார்ப்போம். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைக் கருக்கள் அமைந்திருக்கின்றன. பிறந்த பிறகு அவை பெருகுவதில்லை, குறைந்துகொண்டே வருகின்றன. நாற்பதைத் தாண்டிய சில ஆண்டுகளில் இந்தச் சேமிப்பு தீரும் தறுவாய்க்கு வருகிறது. அவற்றைச் சூழ்ந்த உயிரணுக்களே ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரப்பவை. ஆகவே அச்சுரப்பும் நிலைகுலைகிறது. ஈஸ்ட்ரோஜன் நாளுக்கு நாள் ஒரே சீராகக் குறைந்து வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படி அன்று. ஒரு மாதம் மிகுந்தும் மறுமாதம் வறண்டும், ஏரிக்கு வரும் ஆற்றுநீரைப் போல அஃது ஏறி இறங்குகிறது. மாதவிலக்கு நாள் தவறுகிறது. சில வேளை பெருக்கும் மிகுதியாகிறது. இவ்வாறு நான்கைந்து ஆண்டுகள் கழிந்து, பன்னிரண்டு மாதம் தொடர்ந்து விலக்கு வாராவிட்டால், அது நின்றுவிட்டது என்று மருத்துவர் முடிவு செய்வர். மேனாட்டில் இது சராசரி ஐம்பத்தோராம் வயதிலும், நம் நாட்டில் நாற்பத்தாறு, நாற்பத்தேழாம் வயதிலும் நிகழ்கிறது. நிற்பதற்கு முன்னுள்ள அந்தத் தடுமாற்றக் காலமே நம் பேச்சுக்குரியது.

அக்காலத்துத் தொல்லைகளுள் முதன்மையானது திடீர் அனல். நம் மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி உடலின் வெப்பத்தைக் காவல் காக்கிறது. வெப்பம் இம்மியளவு ஏறினாலும் இறங்கினாலும் அது பொருட்படுத்துவதில்லை. நல்ல ஆசிரியர் வகுப்பின் சிறு சலசலப்பைக் காணாதவர் போல இருப்பது வழக்கமன்றோ? ஈஸ்ட்ரோஜன் குலையும்போது அங்குள்ள நரம்பணுக்கள் சில மிகையாகத் தூண்டப்பெறுகின்றன. பொறுத்துக்கொள்ளும் எல்லை மிகவும் சுருங்கிவிடுகிறது. உடனே அது, சிறு ஓசைக்கும் பிரம்பைத் தூக்கும் ஆசிரியரைப் போல, உடலைக் குளிர்விக்கும் ஏற்பாடுகள் அனைத்தையும் ஒருசேர முடுக்கிவிடுகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகமும் மார்பும் தகிக்கின்றன, வியர்வை பெருகுகிறது, சில நிமிடங்களில் குளிர் நடுக்கமும் வருகிறது. இரவில் இது நிகழ்ந்தால் உறக்கம் போயிற்று. உறக்கம் போனால் பகலில் சினமும் மறதியும் வாராமல் என் செய்யும்? அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்த ஓர் ஆய்வின் முடிவு 2015-இல் வெளிவந்தது. அதன்படி அடிக்கடி அனல் வரும் பெண்களுக்கு அத்தொல்லை நீடிக்கும் காலத்தின் நடுவளவு 7.4 ஆண்டுகள். "நாலு நாளில் சரியாகிவிடும்" என்று தேற்றுகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைப்பது நலம்.

இனி மருந்துக்கு வருவோம். இயற்கை மருந்து, ஆங்கில மருந்து என்று இரண்டு கூடைகளை வைத்து, பச்சிலையெல்லாம் ஒன்றிலும் மாத்திரையெல்லாம் மற்றொன்றிலும் இடுவது மக்கள் வழக்கம். இந்தப் பாகுபாடே சற்றுப் பழுதுடையது. இதற்கு நல்ல சான்று, அமெரிக்காவில் 1942-இல் விற்பனைக்கு வந்த பிரெமரின் என்னும் மாத்திரை. ஆங்கில மருத்துவத்தின் சின்னம் போல அது விளங்கியது. ஆனால் அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன்கள் கருவுற்ற பெண்குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. கருவுற்ற பெண்குதிரை, சிறுநீர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் துண்டு துண்டாக ஒட்டியே அப்பெயரும் அமைந்தது. இதனினும் இயற்கையான பொருள் வேறு யாது?

மறுபுறமும் பாருங்கள். ரஸ்ஸல் மார்க்கர் என்னும் அமெரிக்க வேதியியல் அறிஞர் 1940-களின் தொடக்கத்தில் மெக்சிகோ நாட்டின் காடுகளில் அலைந்து, நம் வள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுக் கிழங்கைக் கண்டெடுத்தார். அதிலுள்ள டயோஸ்ஜெனின் என்னும் பொருளை ஆய்வுக்கூடத்தில் படிப்படியாக மாற்றிப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனை ஆக்கிக் காட்டினார். இன்று மருத்துவர் எழுதித் தரும் ஹார்மோன்கள் பலவும் கிழங்கிலிருந்தோ சோயா மொச்சையிலிருந்தோ தொடங்கி ஆக்கப்பட்டவையே. இதனைக் கேள்வியுற்ற வணிகர் சிலர், காட்டுக் கிழங்கின் சாற்றைக் களிம்பாகச் செய்து, "இயற்கைப் புரோஜெஸ்டிரோன் இதில் அடங்கியுள்ளது" என்று விற்கத் தொடங்கினர். ஆய்வுக்கூடத்தில் நிகழும் அம்மாற்றம் மனித உடலில் நிகழ்வதில்லை. கரும்பைக் கடித்தால் வயிற்றில் கற்கண்டு விளையாதது போலத்தான் இதுவும். ஆகவே ஒரு மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பதைவிட, அது சொன்னதைச் செய்கிறதா, செய்யும்போது வேறு எதனையும் கெடுக்கிறதா என்று கேட்பதே முறை.

செய்கிறதா என்பதை எப்படி அறிவது? "நான் சாப்பிட்டேன், எனக்குக் குணமாயிற்று" என்று ஒருவர் சொன்னால் போதாதா? இங்கேதான் நீங்கள் மாணவர் என்ற முறையில் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஹார்மோன் மருந்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி, காக்ரேன் என்னும் ஆய்வுக் கூட்டமைப்பினர் 2004-இல் ஒரு தொகுப்புரை வெளியிட்டனர். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை உண்ட பெண்களுக்கு, ஆய்வின் முடிவில், அனல் வரும் தடவைகள் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு வீதம் குறைந்திருந்தன. ஆம், வெறும் மாவு மாத்திரைக்குப் பாதிக்கு மேல் குறைந்தது! மருந்து உண்கிறோம் என்ற நம்பிக்கை ஒரு காரணம். அனல் மிகுந்த நாளிலேதான் மருந்து தேடி வருகிறோம் ஆதலால், நாளடைவில் அது தானே தணிவது மற்றொரு காரணம். ஆகவே பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு வேரைக் காய்ச்சிக் குடித்துக் குணம் கண்டதாகச் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை, குணமும் உண்மையே. அந்தக் குணத்தைத் தந்தது வேர்தானா என்பதே வினா. அத்தொகுப்புரையின்படி, வெற்று மாத்திரையினும் மேலாக, ஹார்மோன் மருந்து அனலை நூற்றுக்கு எழுபத்தைந்து வீதம் குறைத்தது. ஒப்பிடுவதென்றால் இப்படி ஒப்பிட வேண்டும்.

மூலிகைக்கும் இதே தேர்வை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வட அமெரிக்கக் காடுகளில் பிளாக் கோஹாஷ் என்றொரு செடி வளர்கிறது. அதன் வேரை அந்நாட்டுப் பழங்குடியினர் மருந்தாகப் பயன்படுத்தினர். 1875-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரைச் சேர்ந்த லிடியா பிங்க்ஹாம் என்னும் அம்மையார், அவ்வேரையும் வேறு சில வேர்களையும், நம் வெந்தயத்தையும் சேர்த்து ஒரு கஷாயம் காய்ச்சி, பெண்களின் நோய் அனைத்துக்கும் மருந்து என்று விற்கத் தலைப்பட்டார். அது கெடாமல் இருக்க நூற்றுக்குப் பதினெட்டு, இருபது பங்கு சாராயமும் கலந்திருந்தது. மதுவைத் தீண்டாத குடும்பத்துப் பெண்கள் பலர் கரண்டி கரண்டியாக அதனைப் பருகி, நலமாக உணர்வதாகக் கடிதம் எழுதினர். இன்றும் மேனாட்டில் அனலுக்கென்று பெண்கள் மிகுதியாக வாங்கும் மூலிகைகளுள் பிளாக் கோஹாஷ் ஒன்று.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அனலால் வருந்திய 351 பெண்களை ஐந்து குழுவாகச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு இவ்வேர் மட்டும். ஒரு குழுவுக்கு இவ்வேரோடு வேறு பல மூலிகைகள். ஒரு குழுவுக்கு அக்கலவையோடு சோயா உணவு பற்றிய அறிவுரையும். ஒரு குழுவுக்கு ஹார்மோன். ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தனர். முடிவு 2006-இல் வெளிவந்தது. வேர் உண்டவர்க்கும் வெற்று மாத்திரை உண்டவர்க்கும் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஹார்மோன் உண்டவர்க்கே அனல் தெளிவாகத் தணிந்தது. சிவப்புக் குளோவர் என்னும் தீவனச் செடியின் சாற்றையும் 2003-இல் இவ்வாறே 252 பெண்களிடம் சோதித்தனர். அனல் தணிந்த அளவில் அதுவும் வெற்று மாத்திரையைவிட மேம்படவில்லை. சோயா மொச்சையில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற அமைப்புடைய ஐசோபிளேவோன் என்னும் பொருள்கள் உள்ளன. அவை ஓரளவு அனலைத் தணிக்கலாம் என்று சில ஆய்வுகளும், இல்லை என்று சில ஆய்வுகளும் கூறுகின்றன. பயன் இருந்தாலும் சிறியதே. உணவாக உண்பதில் தீங்கில்லை.

இவ்வளவு சொன்னதால் ஹார்மோன் கட்சிக்கு நான் வழக்குரைஞன் ஆகிவிட்டேன் என்று எண்ண வேண்டா. அந்தக் கட்சியின் வரலாற்றிலும் வெட்கப்படத்தக்க ஏடுகள் உண்டு. 1966-இல் ராபர்ட் வில்சன் என்னும் நியூயார்க் மருத்துவர், பெண்மை என்றும் குன்றாதிருக்கலாம் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். விலக்கு நிற்பது இயற்கையின் ஒரு படி அன்று, அது ஒரு குறைநோய் என்பது அவர் வாதம். அந்நோய்க்கு வாழ்நாள் முழுதும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உண்ண வேண்டும் என்றார். நூல் இலட்சக்கணக்கில் விற்றது. மாத்திரையும் விற்றது. அவர் பணிக்கு மருந்து நிறுவனங்கள் பொருளுதவி செய்தமை பின்னர் வெளிப்பட்டது. 1975-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. கருப்பை உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் உண்டால் கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்புப் பன்மடங்கு பெருகுகிறது என்று அவை காட்டின. அதன் பிறகே, கருப்பை உடையவர்க்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துத் தருவது கட்டாயமாயிற்று. இன்றும் அதுவே விதி.

பிறகு வந்தது 2002-ஆம் ஆண்டு சூலைத் திங்கள். பெண்கள் நலத்துக்காக அமெரிக்க அரசு நடத்திய பேராய்வு ஒன்றில் 16,608 பெண்கள் பங்கேற்றிருந்தனர். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் மருந்தும் கலந்த மாத்திரையை ஒரு பாதியினரும், வெற்று மாத்திரையை மறுபாதியினரும் உண்டனர். நன்மையினும் தீமை மிகுகிறது என்று கூறி, ஐந்து ஆண்டுகளைச் சற்றுக் கடந்த நிலையிலேயே அந்த ஆய்வை நிறுத்திவிட்டனர். "மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு மிகுதி" என்று நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் அச்சிட்டன. உலகெங்கும் பெண்கள் அஞ்சி மாத்திரையைக் குப்பையில் எறிந்தனர். மருத்துவரும் எழுதித்தர அஞ்சினர்.

இந்த இருபத்தாறு விழுக்காட்டைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போமா? வெற்று மாத்திரை உண்ட பதினாயிரம் பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் உண்ட பதினாயிரம் பேரில் 38 பேருக்கு வந்தது. மிகுதி எட்டுப் பேர். முப்பதோடு எட்டை ஒப்பிட்டால் ஏறத்தாழ கால் பங்கு. பதினாயிரத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. இரண்டும் உண்மையே. ஒன்று அச்சத்தைத் தரும். மற்றொன்று நிதானத்தைத் தரும். இப்படியே பக்கவாதம் 21-லிருந்து 29 ஆகவும், இரத்தக்கட்டி நுரையீரலில் சென்று அடைத்தல் 8-லிருந்து 16 ஆகவும், இதயநோய் 30-லிருந்து 37 ஆகவும் உயர்ந்தன. இடுப்பெலும்பு முறிவோ 15-லிருந்து 10 ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16-லிருந்து 10 ஆகவும் குறைந்தன. விழுக்காட்டை மட்டும் சொல்லி, எதில் விழுக்காடு என்று சொல்லாத செய்தியை நம்பாதீர்கள் என்று என் வகுப்புகளில் பலமுறை கூறியிருக்கிறேன். இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டியதில்லை.

மற்றொன்றும் உண்டு. அவ்வாய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அனலுக்கு மருந்து தேடும் நாற்பத்தெட்டு வயதுப் பெண்கள் அல்லர் அவர்கள். விலக்கு நின்று பல்லாண்டு கழிந்தவர்கள். முதுமை நோய்களைத் தடுக்க ஹார்மோன் உதவுமா என்று அறியவே அவ்வாய்வு எழுந்தது. வயது வாரியாகப் பிரித்து 2007-இல் மீண்டும் கணக்கிட்டபோது, விலக்கு நின்று பத்தாண்டுக்குள் மருந்தைத் தொடங்கியவர்க்கு இதயநோய் கூடியதாகத் தெரியவில்லை. கருப்பை நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜனை மட்டும் உண்டவர்களின் ஆய்வு 2004-இல் நிறுத்தப்பட்டது. அதில் பக்கவாதம் மிகுந்தது; மார்பகப் புற்றுநோய் மிகவில்லை. ஹார்மோன் மருந்தின் உறைகளில் பொறிக்கப்பட்டிருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பகுதியை நீக்கப் போவதாக அமெரிக்க அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. அறுபது வயதுக்கு உட்பட்ட, அல்லது விலக்கு நின்று பத்தாண்டுக்கு உட்பட்ட, வேறு நோயில்லாத பெண்கள் அனலால் பெரிதும் வருந்தினால், ஹார்மோன் பண்டுவத்தால் தீமையைவிட நன்மையே மிகுதி என்பது வல்லுநர் சங்கங்களின் இன்றைய கருத்து. தோலில் ஒட்டும் பட்டையாகத் தந்தால், மாத்திரையைப் போல இரத்தக்கட்டி உண்டாக்கும் அச்சமும் குறைவு. ஆயினும் மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டி, கடும் கல்லீரல் நோய் இவற்றுக்கு ஆளானவர்க்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உடையவர்க்கும் அது பொதுவாகத் தரப்படுவதில்லை.

அவர்களுக்கு வேறு வழி இல்லையா என்றால், உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளில் சில சிறிய அளவில் அனலைத் தணிக்கின்றன. அவற்றுள் பராக்சிடின் 2013-இல் அமெரிக்காவில் இதற்கெனவே ஒப்புதல் பெற்றது. முன்னே நான் சொன்ன ஹைப்போதலாமஸ் நரம்பணுக்களையே அமைதிப்படுத்தும் ஃபெசோலினெடன்ட் என்னும் புதுமருந்து 2023-இல் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டிலேயே, அது சிலரது கல்லீரலைத் தாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதன்மேல் ஏறியது. மருந்தே இல்லாத வழியும் ஒன்று உண்டு. அனல் வரும்போது எழும் எண்ணங்களைக் கண்டறிந்து மாற்றப் பழக்கும் உளவியல் பயிற்சி அது. இலண்டன் மாநகரில் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வுகளில், அப்பயிற்சி பெற்ற பெண்களுக்கு அனல் வந்த தடவைகள் அவ்வளவாகக் குறையாவிடினும், அதனால் வரும் துன்பம் நன்கு குறைந்தது. யோகாசனத்தைப் பற்றிப் பலர் கேட்பர். 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் அனலை அது குறைக்கவில்லை. உறக்கத்தைச் சற்றுச் சீர்செய்தது. உறக்கம் சீரானால் அதுவே பெரிய பேறு. நான் யோகாசனத்தைக் குறைகூற மாட்டேன்.

நம் வீட்டு அடுக்களைக்கு இப்போது வருவோம். உளுந்தங்களி, எள்ளுருண்டை, கேழ்வரகுக் கூழ், வெந்தயம் இவற்றைப் பெண்களுக்கு வலுவூட்டும் உணவு என்று நம் பாட்டிமார் போற்றினர். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிளறித் தருவது நம் நாட்டு வழக்கம். விலக்கு நிற்கும் காலத்தில் எலும்பின் சுண்ணாம்புச் சத்து விரைந்து கரைகிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் சிறுபகுதிகூட இல்லை. ஆகவே பாட்டியின் கூழ் எலும்புக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. அனலைத் தணிக்கும் என்று மட்டும் அதன்மேல் ஒரு பாரத்தை ஏற்ற வேண்டா. தண்ணீர்விட்டான் கிழங்கு முதலான சித்த மருந்துகளையும் கற்றறிந்த சித்த மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது வேறு. விளம்பரத்தைக் கண்டு பெயரறியாப் பொட்டலத்தை வாங்குவது வேறு. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் எழுபதைச் சோதித்தபோது, பதினான்கில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பிளாக் கோஹாஷ் உண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதாகவும் செய்திகள் உண்டு. இயற்கை என்ற சொல் எருக்கம்பாலுக்கும் பொருந்தும் அன்றோ?

இன்னும் ஒரு செய்தி; இதனை விடுவதற்கில்லை. பெருக்கு மிகுந்து வருந்தும் பெண்களிடம், "இனி உனக்குக் கருப்பை எதற்கு? எடுத்துவிடலாம்" என்று சொல்லி அறுவைக்கு அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் சில இடங்களில் வேரூன்றியிருக்கிறது. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டச் செல்லும் கூலிப் பெண்கள் பலர் இளவயதிலேயே கருப்பையை இழந்த கொடுமை 2019-இல் வெளிவந்து நாட்டை அதிரச் செய்தது. விலக்கு வந்தால் வேலை கெடும், வேலை கெட்டால் கூலி கெடும் என்ற நிலை அவர்களை அறுவைக் கத்தியின்கீழ்த் தள்ளியது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், பல ஆண்டுகளில் மெல்ல வரவேண்டிய மாறுதல் ஒரே நாளில் வந்து தாக்கும், அனலும் கடுமையாகும், எலும்பும் இளமையிலேயே தேயும். அறுவை வேண்டியவர்க்கு வேண்டும். ஆனால் அது முதற்படி அன்று, கடைசிப் படி. முதற்படி, பெருக்குக்குக் காரணம் யாது என்று பார்ப்பது. கருப்பையில் கட்டி இருக்கலாம், இரத்தசோகை சேர்ந்திருக்கலாம். தைராய்டுச் சுரப்பியின் கோளாறும் இதே வேடத்தில் வருவதுண்டு. நாற்பத்தைந்தைக் கடந்த பெண்ணுக்கு அனலும் நாள் தவறுதலும் இருந்தால், இம்மாறுதல்தான் என்று அறிய ஹார்மோன் அளவுச் சோதனை பொதுவாகத் தேவையில்லை. இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் உரிய எளிய சோதனைகளே பயன் தருவன. விலக்கு நின்று ஓராண்டு கழிந்த பின் மீண்டும் உதிரம் கண்டால், ஒரு சொட்டே ஆயினும், நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்கு இயற்கை மருந்தும் இல்லை, ஹார்மோன் மருந்தும் இல்லை. சோதனை ஒன்றே வழி.

கணித ஆசிரியையின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். மறுநாள் காலை வழிபாட்டுக்குப் பின் அவரை அழைத்து, குறிப்பாணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மன்னிப்பும் கேட்டேன். அடுத்த வாரமே அவர் வகுப்பை வேப்பமரத்தடிக் கீழறைக்கு மாற்றினோம். காலஅட்டவணையை மாற்ற எனக்கு ஒரு மாலைப் பொழுதே தேவைப்பட்டது. அவர் இரண்டு ஆண்டுகளாக ஒரு லேகியத்தை நம்பி உண்டுவந்தார் என்று பின்னர் அறிந்தேன். பெருக்கு மிகுதியாக இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியே துணைக்குச் சென்று மருத்துவரிடம் காட்டச் செய்தாள். இரத்தத்தின் அளவு மிகவும் குறைந்திருந்தது. இரும்புச் சத்து மாத்திரையும், கருப்பையைச் சோதித்த பிறகு சில மாதங்களுக்கு ஹார்மோன் மருந்தும் தந்தார்கள். லேகியத்தை நிறுத்தச் சொன்னார்களா என்று கேட்டேன். "சொன்னார்கள், ஆனால் வாங்கியதை வீணாக்கலாமா என்று தீரும்வரை சாப்பிட்டேன், சார்" என்று சிரித்தார். அவ்வாண்டு பொதுத்தேர்வில் அவர் வகுப்பில் கணிதத்தில் தவறியவர் ஒருவரும் இல்லை.